காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகள் திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். இந்த ஆண்டு பிளஸ் டூ மாணவர்களுக்குச் சுற்றுலா கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதனால் பிள்ளைகளே கூடிப் பேசி, பொங்கல் விடுமுறை முடிந்து வரும் ஒரு வெள்ளிக்கிழமை மொத்த வகுப்பும் லீவு போட்டுவிட்டுப் புளியஞ்சோலைக்குப் போவதென்று முடிவெடுத்திருக்கிறார்கள். வகுப்பில் 38 பேர். ஆளுக்கு 650 ரூபாய். இரண்டு வேன் பேசியாயிற்று. சில பையன்கள் பைக்கில் வருகிறார்களாம். கூட வர பெரியவர்கள் யாரும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதால்தான் வெள்ளிக்கிழமை. மறுநாள் கொடுக்க "காய்ச்சல்" என்று லீவ் லெட்டர் எழுதி என்னிடம் கையெழுத்து கேட்கிறாள். என் கணவர் கூடவே கூடாது என்கிறார். ஆனால் எங்கள் மகன் பிளஸ் டூ படித்தபோது நண்பர்களோடு ஏற்காடு போக இவரே பணம் கொடுத்து அனுப்பினார். மகள் அதைச் சொல்லிக்காட்டி அழுகிறாள். எனக்கு அனுப்பலாம் என்றுதான் தோன்றுகிறது. அனுப்பலாமா? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? வகுப்பாசிரியையிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் என் மகளை வகுப்பே ஒதுக்கிவிடுமே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது போட்டிருக்கும் திட்டப்படி அந்த வெள்ளிக்கிழமை மகளை அனுப்ப வேண்டாம். காய்ச்சல் கடிதத்தில் கையெழுத்தும் போட வேண்டாம். ஆனால் "கூடவே கூடாது" என்று உங்கள் கணவர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பிள்ளைகள் கேட்பது நியாயமானது. அதற்கு அவர்கள் போட்டிருக்கும் திட்டம்தான் சரியில்லை. திட்டத்தை மாற்ற உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உங்கள் மகள் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். எங்கே, எப்போது, எத்தனை பேர், எவ்வளவு பணம், எதில் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சீருடை போட்டுக்கொண்டு, பைக்குள் மாற்றுத் துணியை வைத்துக்கொண்டு, "ஸ்கூலுக்குப் போய்ட்டு வர்றேம்மா" என்று கிளம்பியிருந்தால் உங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. சுவீடனில் பணியாற்றிய ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் பதின்வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிள்ளையின் வெளியுலக நடவடிக்கைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, கண்காணித்தோ கேள்விமேல் கேள்வி கேட்டோ கிடைத்ததல்ல. பிள்ளை தானாக வந்து சொன்னதால் கிடைத்தது. பெற்றோர் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான். 17 வயதுப் பெண்ணின் போனை வாங்கிப் பார்ப்பதால் தெரியவருவது கொஞ்சம். அவள் வாய் திறந்து சொல்வதால் தெரியவருவது நிறைய. அவள் சொன்னதற்குக் கிடைத்த பலன் வீட்டில் சண்டையும் கண்ணீரும் என்றால், அடுத்த முறை சொல்ல மாட்டாள். அதனால் உங்கள் பதில் எதுவாக இருந்தாலும், அதற்கு முன்னால் "நீ என்கிட்ட வந்து சொன்னது எனக்குச் சந்தோஷம்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். உங்கள் கணவரையும் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு நாள் வகுப்பு போய்விடுமே என்ற கவலையை நீங்கள் விட்டுவிடலாம். பிளஸ் டூவில் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் வருகைப்பதிவுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அது ஆண்டு முழுவதற்குமான கணக்கு. ஜனவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வராமல் போனதால் யாருடைய பொதுத்தேர்வும் கெட்டுப்போகாது. உண்மையில் இந்தப் பிள்ளைகளின் இரண்டு வருடத்தைப் பாருங்கள். காலையில் ஸ்டடி, மாலையில் ஸ்டடி, சனிக்கிழமை டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். பி.இ.டி. பீரியட் என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் இயற்பியலோ கணக்கோ நடக்கும். ஆண்டுவிழாவில் பிளஸ் டூவுக்கு இடமில்லை. இப்போது சுற்றுலாவும் இல்லை. மார்ச் மாதம் தேர்வு முடிந்தால் ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் சென்னை, ஒருவர் நீட் பயிற்சி என்று பிரிந்துவிடுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பிரியும் முன் ஒரு பகல் முழுவதும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இதைப் படிப்பில் அக்கறையின்மை என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பகலை அவர்களுக்குக் கொடுக்காத பள்ளிதான் முதலில் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் கையெழுத்துப் போடுவதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டிலிருந்து மட்டும் பார்த்தால் அது சின்னப் பொய். உங்களுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், யாருக்கும் நஷ்டமில்லை. வகுப்பறையிலிருந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. வகுப்பாசிரியை உள்ளே வருகிறார். 38 பேரில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் சிறிது நேரத்தில் "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று வீடுகளுக்குக் குறுஞ்செய்தி போகும். உங்களைப் போலத் தெரிந்திருக்கும் அம்மாக்கள் அதைப் படித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தெரியாத வீடுகளில் என்ன நடக்கும்? "என் பையன் எட்டு மணிக்கே கிளம்பிட்டானே" என்று ஒரு அப்பா வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு வருவார். ஒரு அம்மா பேருந்து நிறுத்தம் நிறுத்தமாகத் தேடுவார். யாரிடம் கேட்டாலும் பதில் இருக்காது, ஏனென்றால் தெரிந்தவர்கள் எல்லோரும் காய்ச்சல் என்று சொல்வதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள். உங்கள் கையெழுத்து உங்கள் மகளை மட்டும் காப்பாற்றுவதில்லை. அந்த நாளில் அத்தனை பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்பதை மறைக்க அதுவும் துணைபோகிறது.

எனவே மகளிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "வர்றவங்கள்ல எத்தனை பேர் வீட்ல உண்மையைச் சொல்லியிருக்காங்க?" அவளுக்கு விடை தெரிந்திருக்கும். இத்தகைய திட்டங்களில் பாதி வீடுகளில் "ஸ்கூல்லயே கூட்டிட்டுப் போறாங்க" என்று சொல்லிப் பணம் வாங்கியிருப்பார்கள். சில வீடுகளில் எதுவுமே சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லா வீடுகளுக்கும் உண்மை தெரிந்தால் இது பெற்றோர் அனுமதித்த ஒரு சுற்றுலா. சில வீடுகளுக்காவது தெரியாதென்றால், யார் பொறுப்பிலும் இல்லாமல் பிள்ளைகள் ஒரு பகல் முழுவதும் வெளியே இருக்கிறார்கள் என்று பொருள். பள்ளியின் பொறுப்பிலும் இல்லை, வீட்டின் பொறுப்பிலும் இல்லை. என் மறுப்புக்கு முதல் காரணம் இதுதான். பள்ளி சுற்றுலாவோ சொந்தச் சுற்றுலாவோ, வேலை நாளோ விடுமுறையோ, அதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

பள்ளி அழைத்துக்கொண்டு போனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் கரூர் மாவட்டம் மாயனூரில், விளையாட்டுப் போட்டிக்காகப் புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளியிலிருந்து அழைத்துவரப்பட்ட மாணவிகளில் நான்கு பேர் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். உங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரம் இல்லை, உங்களுக்கும் நினைவிருக்கும். 2024 ஜனவரியில் குஜராத்தின் வடோதராவில், பள்ளிச் சுற்றுலாவில் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், எல்லோருக்கும் மிதவை அங்கி இல்லை. இரண்டிலும் பெரியவர்கள் கூட இருந்தார்கள். அப்படியிருந்தும் நடந்தது என்றால், நீர் இருக்கும் இடத்துக்குப் பெரியவர் ஒருவர்கூட இல்லாமல் 38 பேரை அனுப்புவதை எப்படிச் சரி என்று சொல்வது?

புளியஞ்சோலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல இடம். துறையூர், உப்பிலியபுரம் வழியாகத் திருச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் கல்லூரிப் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே ஓடும் ஐயாறு கொல்லிமலையிலிருந்து இறங்கி வருவது. இதில்தான் கவனம் வேண்டும். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் பெய்த மழை நீராக வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்ததில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அருவியில் அதுவரை சாதாரணமாகக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், அதனால் அபாயம் குறைவுதான்; ஆனால் இல்லாமல் போய்விடாது. தண்ணீர் கலங்கத் தொடங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஓடையின் சத்தம் கூடினால், அந்த நொடியே கரையேற வேண்டும். செருப்பையோ போனையோ எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. இதை உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இந்த வெள்ளிக்கிழமைக்காக மட்டும் இல்லை, வாழ்நாள் முழுக்க எந்த ஆற்றில் இறங்கினாலும் உதவும்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். நீரில் ஒருத்தி தடுமாறினால் தோழிகள் கையைக் கோத்துக்கொண்டு இறங்குவார்கள், அல்லது நீந்தத் தெரிந்த ஒருவன் குதிப்பான். நம் ஊர் நீர்நிலைகளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் போய்விடுவது பெரும்பாலும் இப்படித்தான். கரையில் நின்றபடி துப்பட்டாவை, கயிற்றை, நீண்ட கிளையை எறிய வேண்டும். மூடி போட்ட காலித் தண்ணீர் கேனை எறிந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். கூடவே குரல் கொடுத்து ஆளைக் கூப்பிட வேண்டும். இறங்கக் கூடாது. பதினேழு வயதில் சிநேகிதி மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நில் என்று சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முன்பே சொல்லி வைக்க வேண்டும், அதனால்தான் பதறாமல் முடிவெடுக்க ஒரு பெரியவரும் வேண்டும்.

பிள்ளைகள் தனித்தனியாக நல்லவர்கள், பொறுப்பானவர்கள். "என் மகள் அப்படியெல்லாம் செய்ய மாட்டாள்" என்று நீங்கள் நினைப்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் 38 பேர் கூடும்போது அவள் வேறு சூழலில் இருக்கிறாள். அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பதின்வயதினரையும் பெரியவர்களையும் ஆடவைத்தார்கள். தனியாக ஆடும்போது இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தபோது பதின்வயதினர் எடுத்த அபாயம் வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அப்படிக் கூடவில்லை. பாறை உச்சியில் நின்று ரீல்ஸ் எடுப்பவன் தனியாக வந்திருந்தால் அந்தப் பாறையில் ஏறியிருக்கவே மாட்டான்.

அடுத்தது வண்டி. பைக்கில் வருகிறோம் என்னும் பையன்கள் பிளஸ் டூ என்றால் பெரும்பாலோருக்கு 18 நிறைந்திருக்காது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. அந்தப் பையன்களின் அம்மாக்களுக்கு இதைத் தெரியப்படுத்துவது காட்டிக்கொடுப்பது ஆகாது. திரும்பும்போது இருட்டிவிடும், களைத்திருப்பார்கள், துறையூர் சாலையில் லாரியும் பேருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். பைக் வேண்டவே வேண்டாம். யாருடைய மகள் அந்தப் பைக்கின் பின்னால் உட்காருவாள் என்ற கேள்வியும் எழாமல் போகும். பேசியிருக்கும் வேன் மஞ்சள் போர்டா, ஒயிட் போர்டா என்றும் கேளுங்கள். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அது ஒரு காரணமாகிவிடும். பிள்ளைகள் வாடகை குறைவு என்பதற்காக இதைக் கவனிக்காமல் பேசி முடித்திருக்கலாம்.

அந்த 650 ரூபாயைப் பற்றியும் மகளிடம் கேளுங்கள். மொத்த வகுப்பும் என்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுக்க முடியாதவர்கள் எந்த வகுப்பிலும் உண்டு. அவர்கள் "எனக்கு இண்ட்ரஸ்ட் இல்ல" என்று சொல்லி ஒதுங்குவார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருக்கப் போகும் நான்கைந்து பேர் அவர்களாகத்தான் இருப்பார்கள். எல்லோரும் எங்கே என்று ஆசிரியை முதலில் அதட்டிக் கேட்கப் போவதும் அவர்களைத்தான். உங்கள் மகள் நல்ல மனசு உள்ளவள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இதைச் சொன்னால் அவளே யோசிப்பாள்.

இப்போது உங்கள் கணவர். மகனை ஏற்காட்டுக்கு அனுப்பியவர் மகளைத் தடுக்கும்போது, அவள் காதில் விழுவது ஒன்றுதான்: நீ பெண். அவர் மனதில் இருப்பது பயம் என்பது எனக்குப் புரிகிறது. நம் சமூகத்தில் ஒரே வகுப்பு சேர்ந்து லீவு போட்டால், பையன்களைப் பற்றி "சேட்டை" என்பார்கள். பெண்களைப் பற்றி வேறு விதமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சு அநியாயமானது. ஆனால் அதற்காக மகளிடம் பொய்க்காரணம் சொல்லக் கூடாது. "படிப்பு கெட்டுடும்" என்று அவர் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், அண்ணன் போனதே என்பாள். "உன் அண்ணனை அனுப்பினப்போ இவ்வளவு விசாரிக்கல. விசாரிச்சிருக்கணும். உன் விஷயத்துல விசாரிக்கிறேன். இனிமே அவன் போனாலும் இதே கேள்விதான்" என்று அவரே மகளிடம் சொல்லட்டும். மகன் இப்போது கல்லூரியில் இருந்தாலும் அவன் நண்பர்களோடு கிளம்பும்போது யார் ஓட்டுகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று மகளின் எதிரிலேயே கேட்கட்டும். அப்போதுதான் இது பெண்ணுக்கு மட்டுமான விதி இல்லை என்று அவள் நம்புவாள்.

என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு வேண்டியது புளியஞ்சோலைகூட அல்ல. மிஸ் இல்லாத, வரிசையில் நிற்கச் சொல்லாத, தாங்களே திட்டமிட்ட ஒரு பகல். இந்த வயதுக்கு அது தேவை. எனவே நீங்கள் அம்மாக்கள் சேர்ந்து ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்து, பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், புளியோதரை பரிமாறினால் அது நடக்காது. அவர்கள் வர மாட்டார்கள். திட்டம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் கேட்க வேண்டியவை சில மட்டும்: எல்லா வீட்டுக்கும் உண்மை தெரிய வேண்டும், பொறுப்பான பெரியவர்கள் இரண்டு மூன்று பேராவது கூட வர வேண்டும், பைக் கூடாது, இருட்டும் முன் திருச்சி திரும்ப வேண்டும். கூட வருகிறவர்கள் அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. யாராவது ஒருவருடைய வேலைக்குப் போகும் அக்கா, நீச்சல் தெரிந்த சித்தப்பா, ஓய்வுபெற்ற பி.இ.டி. ஆசிரியர் என்று பிள்ளைகளே மதிக்கும் ஆள்களை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

தேதியை மாற்றுவது அடுத்த வேலை. மகளிடம் பேசிய பிறகு, உங்களுக்குப் பழக்கமான நான்கைந்து பெற்றோரைக் கூப்பிடுங்கள். வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள், அதில் ஆசிரியர்களும் இருப்பார்கள். அரைமணி நேரத்தில் விஷயம் வேறு வடிவம் எடுத்துவிடும். நேரில் அல்லது போனில் பேசுங்கள். நான்கைந்து பேராகத் தலைமையாசிரியரைப் பார்த்து ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "பிராக்டிகல் தேர்வுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம். பெற்றோர் பொறுப்பில் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகிறோம்." பள்ளி சுற்றுலா என்றால் கல்வித் துறையின் அனுமதி, கூட அனுப்ப ஆசிரியர்கள் என்று பள்ளிக்கு எத்தனையோ சிக்கல். நீங்கள் கேட்பது ஒரு விடுமுறை நாளை விடுமுறையாகவே விடுவது. மறுக்கக் கடினமான வேண்டுகோள். பெரும்பாலான தலைமையாசிரியர்கள் முகத்தைச் சுளித்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள்.

மறுத்தால்? அப்போது வேலை நாளில் போவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, மற்ற நிபந்தனைகள் நிறைவேறினால். லீவ் லெட்டரில் உண்மையை எழுதுங்கள்: "குடும்பத்தாரின் அனுமதியோடு வெளியூர் செல்வதால் ஒரு நாள் விடுப்பு வேண்டுகிறேன்." முதல் நாளே கொடுத்தனுப்புங்கள். பள்ளி திட்டலாம். உங்களை வரச் சொல்லலாம். மறுநாள் மகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கலாம் என்றுகூட நீங்கள் பயப்படுவீர்கள். போய்ப் பேசுங்கள், "அனுமதித்தது நான், கேட்பதை என்னிடம் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். பொய்க் கடிதம் கொடுத்துவிட்டால் இப்படி நிமிர்ந்து பேச முடியாது. புகைப்படம் ஒன்று இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டால் போதும், அம்மாவும் மகளும் சேர்ந்து தலைகுனிய வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், நாளை கல்லூரி விடுதி வார்டனுக்கு அனுப்ப உங்கள் பெயரில் அவளே ஒரு பொய் எழுதும்போது அதைத் தடுக்க உங்களிடம் வார்த்தை இருக்காது.

வகுப்பாசிரியையிடம் சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போதே சொல்ல வேண்டாம். மகள் உங்களை நம்பிச் சொன்னதை அவளுக்குத் தெரியாமல் பள்ளிக்குக் கொண்டுபோனால், பள்ளி அதைத் தடுத்துவிடும், ஆனால் மகள் உங்களிடம் இனி எதுவும் சொல்ல மாட்டாள். முதலில் மற்றப் பெற்றோர். நீங்கள் பேசியும், பெரியவர் யாரும் இல்லாமல், பைக்கோடு, வீட்டுக்குத் தெரியாத பிள்ளைகளோடு அந்த வேன்கள் கிளம்பத்தான் போகின்றன என்றால், அப்போது சொல்லத்தான் வேண்டும். தெரிந்தும் சும்மா இருக்கக் கூடாது. சொல்வதற்கு முன்னால் மகளிடம் சொல்லிவிடுங்கள்: "நான் உன் பேரைச் சொல்ல மாட்டேன், ஆனா நாளைக்கு மிஸ்கிட்ட பேசப்போறேன். உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இப்பவே சொல்லி தேதியை மாத்தச் சொல்லு." அவள் கோபப்படுவாள். சில வாரங்கள்கூடப் பேசாமல் இருக்கலாம். அந்தக் கோபத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒதுக்கிவிடுவார்கள் என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளஸ் டூவின் கடைசி இரண்டு மாதம் யாரும் பேசாமல் ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை. படிப்பையும் அது பாதிக்கும். எனவே, திட்டம் மாறாமல் பாதி வகுப்பு போய்விட்டால், அன்று அவளை மட்டும் பள்ளிக்குப் போகச் சொல்லாதீர்கள். காலியான வகுப்பில் அவளைக் குறுக்குவிசாரணைக்கு நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்கட்டும், விடுப்புக் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதுங்கள், அது பொய்யில்லை. போக முடியாத தோழிகள் சிலரை அன்று மதியம் வீட்டுக்கு அழைக்கலாம். 650 ரூபாய் கொடுக்க முடியாத அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு பகல் கிடைக்கும். தோழிகளிடம் அவள் சொல்ல ஒரு காரணமும் கொடுங்கள். "எங்க அம்மா விடவே இல்லடி" என்று உங்களைக் குறைசொல்லட்டும். பழியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் வயதில் அந்த உதவி பெரிது.

ஞாயிற்றுக்கிழமை திட்டம் அமைந்தால், கூடப் போகும் பெரியவர்களிடம் இரண்டு வண்டிகளிலும் யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியலும் எல்லா வீட்டு எண்களும் இருக்கட்டும். மலையடிவாரத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று நம்பாமல், அவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, தேனீக் கொட்டினால் ஒவ்வாமை என்று யாருக்கு என்ன இருக்கிறது என்பதையும் அதிலேயே குறியுங்கள். நீளமான கயிறு ஒன்று வேனில் இருக்க வேண்டும். மதியம் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை மகள் உங்களுக்குக் கூப்பிட்டால் போதும். நடுவில் நீங்கள் கூப்பிட வேண்டாம்.

இன்றிரவே மகளிடம் பேசிவிடுங்கள். வேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் தேதியை மாற்றித் தருவார்கள். ஆனால் தை மாதம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாக இருந்தால் திருச்சியில் வேன் கிடைப்பது பாடு. காலண்டரைப் பார்த்து, முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகக் குறித்துக்கொண்டு டிராவல்ஸுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.